பம்ப் யாரிடம்?

வெள்ளிக்கிழமை, விடிகாலை நாலரை.
அல் குவைர் கடையின் ஷட்டர்
பாதிதான் ஏறுகிறது.
முழுதாய் ஏற்றினால்
மாடியில் உறங்கும் சூடானிக் குடும்பம் விழித்துக்கொள்ளும்.
குனிந்து நுழைகிறோம் நால்வர்,
குனிந்தே வெளியே தள்ளுகிறோம்
எங்கள் நான்கு வண்டிகளை.

ரோடெல் ஓட்டுவது
விபத்தில் நசுங்கி, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய சட்டகம்.
டம்பரின் பின்சக்கரம்
ஒரு பைலட் வேண்டாமென்று விட்டுப்போனது.
என் கைப்பிடியில் சுற்றிய நாடா
இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் கறுப்பு,
இரண்டு பெட்டிகளின் மிச்சம்.
மாஸின் மட்டும் புதிது வாங்கியிருக்கிறான்.
மூன்று வருடத் தவணை.
இப்போதைக்கு முன்சக்கரம் வரைதான் உன்னுடையது
என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இருட்டில் எவர் முகமும் தெரியாது.
எங்களுக்கு முகம் வேண்டியதுமில்லை.
முன்னே போகும் கூட்டத்தில்
தேனீ போல் இரைவது வங்கிக்காரரின் சக்கரம்.
மிதிக்கு ஒருமுறை 'டிக்' என்பது
பல் டாக்டர் ஸுமையா.
பேரிங் போயிற்று, மாற்ற வேண்டும் என்றேன்.
அடுத்த மாதம் என்றார்.
எந்த மாதம் என்று சொல்லவில்லை.
வாரமெல்லாம் ஸ்டாண்டில் தொங்கி
என் கைக்குள் மல்லாந்து கிடந்தவை
இன்று எழுந்து ஓடுகின்றன,
பின்னால் மூச்சு வாங்க நான்,
டிஸ்சார்ஜ் ஆனவர்களைத் துரத்தும் கம்பவுண்டர்.

இன்று பந்தயம்.
அமராத் மலையேற்றம்.
புல்கூட வரமாட்டேன் என்ற பழுப்புப் பாறை,
அதில் ஆறு கிலோமீட்டர் சாலை.

திட்டம் போன வாரமே தயார்,
டயர் வந்த அட்டைப்பெட்டியில், கிரீஸ் விரலால் வரைந்தது:
முதலில் ரோடெல் காற்றை வாங்கிக்கொள்வான்,
பிறகு மாஸின்,
மூன்றாவது கிலோமீட்டரில் நான் செத்தாலும் பரவாயில்லை,
அங்கிருந்து டம்பர் பறக்க வேண்டும்.
தாப்ளேஜுங்காரன். ஏற்றம் பார்த்தால்
சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் பல் காட்டுவான்.

ரோடெல் வாங்கினான்.
மாஸின் வாங்கினான்.
நான் செத்துக்கொண்டிருந்தேன், சொன்னபடி.
டம்பர் சீட்டைவிட்டு எழுந்தான்.

புஸ்.

லாரி டயர் உதிர்த்த மயிரிழைக் கம்பி.

நான்கு மெக்கானிக்குகள், ஒரு பஞ்சர்.
பதினொரு நொடியில் டயர் கழன்றது.
கம்பியைப் பல்லால் பிடுங்கியது ரோடெல்.
புது டியூப் மாஸினிடம்.
வால்வை எந்தப் பக்கமிருந்து நுழைப்பதென்று
மூன்று மொழிகளில் ஒரு சண்டை, அதுவும் முடிந்தது.
பம்ப் யாரிடம்?

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கடையில் பம்ப் பத்தொன்பது வகை.
எண்ணி எழுதியவன் நான்.

கடந்து போனார்கள்.
வங்கிக்காரர் கையசைத்தார்.
கண்ணாடி மாட்டிய பையன் ஒருவன்
'கடை இன்று இங்கேயா?' என்று கேட்டபடி போனான்.
எல்லாருக்கும் பின்னால்
டிக்... டிக்... டிக்...
நின்றது.

டாக்டர் ஸுமையா சட்டகத்திலிருந்து பம்பை உருவினார்.
'நீங்கள் விற்றதுதான்.
பத்து சதம் கேட்டேன், ஐந்துதான் குறைத்தீர்கள்.'

டம்பர் காற்றடித்த நேரத்தில்
சும்மா நிற்கக் கூசி
அவர் வண்டியின் இடது மிதியை அசைத்துப் பார்த்தேன்.
ஆடியது.
எட்டு எம்எம் சாவி, கால் சுற்று.
பேரிங்கில் ஒன்றுமில்லை.
பதினான்கு ரியால் ஆகும் என்றிருந்தேன்.
'சரியாகிவிட்டது' என்றேன்.
வேறேதும் சொல்லவில்லை.

பிறகு டம்பர் போனான்.
வளைவுக்கு வளைவு அவன் மஞ்சள் ஜெர்சி
ஒவ்வொருவராய் விழுங்குவதைக்
கீழிருந்து எண்ணினோம்.
முப்பத்தொன்று வரை தெரிந்தது.
அப்புறம் பாறை மறைத்துவிட்டது.
நாங்கள் மூவரும் டாக்டரும்
கடைசி நான்கு இடங்களைப் பேசிக்கொண்டே பங்கிட்டோம்.
உச்சியில் பிளாஸ்டிக் கோப்பையில் கரக்,
ஏலக்காய் தூக்கல்,
தொலைவில் தகரத்துண்டுபோல் கடல்.
பம்புக்கு மீதி ஐந்து சதத்தையும் மாஸின் கழித்துவிட்டான்,
முதலாளிக்குத் தெரியாமல்.

மாலை நான்குக்கு ஷட்டர் முழுதாய் ஏறியது.

அடுத்த வெள்ளி, அதே இருட்டு.
சக்கரங்கள் இரைந்துகொண்டு போயின.
என் காது கூட்டத்தைத் துழாவியது,
அந்த டிக் எங்கே?
இனி டாக்டர் வந்திருக்கிறாரா என்று அறிய
விடியும் வரை பொறுத்து
முகம் பார்க்க வேண்டும்.